கீழ் கோத்தகிரி டிரையர் பெட்டியும் ஜெர்மனி கரண்டும்

1. மத்தியானம் வந்த போன்

"அண்ணா, தூள் தீஞ்சு போச்சுங்க."

ஹலோ இல்லை, சௌக்கியமா இல்லை. சுசீலா போனில் சொன்ன முதல் வார்த்தையே இதுதான். கோத்தகிரியில் அப்போது மணி இரண்டு. சாப்பிட்டு முடித்து, கடையில் ஒரு மிக்ஸி மோட்டாரைப் பிரித்து வைத்திருந்தேன். அவள் நின்றுகொண்டிருந்தது ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்தில், ஒரு டீ கண்காட்சி ஸ்டாலுக்குள். அங்கே காலை பத்தரை.

"எப்படித் தீஞ்சுது?"

"நம்ம பொட்டியிலதானுங்க வெச்சேன். எப்பவும் போல பன்னெண்டு நிமிஷம். எட்டாவது நிமிஷமே வாசம் வேற மாதிரி வந்துச்சு. மனசு கேக்கல, இருந்தாலும் கணக்கு பன்னெண்டாச்சேன்னு விட்டுட்டேன். தொறந்து பாத்தா கரிவாசம். ஒரு டப்பா அப்படியே போச்சுங்கண்ணா."

அவளும் கூடப் போன டீச்சரும் கொண்டுபோனதே மூன்று டப்பா. மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த ஊர் டீ வியாபாரி ஒருவர் ஸ்டாலுக்கு வந்து குடித்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்தால் கீழ் கோத்தகிரியில் பன்னிரண்டு பெண்கள் கையால் உருட்டிய தேயிலைக்கு நேரடியாக ஆள் கிடைத்த மாதிரி. பிடிக்காவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டு, பழையபடி பச்சை இலையை மூட்டை கட்டிக்கொண்டு ஃபேக்டரி வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அந்த டிரையர் பெட்டியைச் செய்தவன் நான். அதற்கு ஜெர்மனி பிளக் மாட்டிக் கொடுத்தவனும் நான்.

2. ஊருக்கு ஒரு பிளக்

நான் எட்டாவது வரை படித்தவன். எஸ்டேட் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனுக்கு ஏணி பிடித்து, பிறகு நானே எலக்ட்ரீஷியனாகி, பதினெட்டு வருடம் கழித்து கோத்தகிரி பஜாரில் சொந்தக் கடை போட்டேன். ஃபேக்டரியில் இருந்த பழைய லைன்மேன் ஒருவர் சொல்லுவார்: "கரண்டு மாமியார் மாதிரி. பயப்படவும் கூடாது, மதிக்காம இருக்கவும் கூடாது." எனக்குப் பாடப் புத்தகம் என்றால் இந்த மாதிரி வாக்குகள்தான்.

பிளக் விஷயம் எனக்கு வந்தது தற்செயல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நர்ஸ் வேலைக்கும் மேல்படிப்புக்கும் வெளிநாடு போக ஆரம்பித்ததும், அவர்களைப் பார்க்கப் போகிற அப்பா அம்மா கையில் மிக்ஸியும் இட்லி குக்கரும் போக ஆரம்பித்தன. அவர்கள் என்னிடம் வருவார்கள். ஒரு எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர் ஒருநாள் மிக்ஸியோடு வந்தார்.

"ஏனுங்க, அங்க ரெண்டு ஓட்டைதானாம். இந்த மேல் பின்னை வெட்டி உட்ருங்க, சரியாப் போயிரும்."

"ஐயா, அது எர்த்துங்க. அதை வெட்டுனா மிக்ஸிக்குச் சரி, உங்களுக்குச் சரியில்லீங்க."

"நாற்பது வருஷம் ஃபைலைக் கட்டி மேய்ச்சவன் நானு. ஒரு பின்னு என்னை என்ன பண்ணிரும்?"

"ஃபைலு ஷாக் அடிக்காதுங்க."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் உட்கார்ந்து நான் சொன்னதை எல்லாம் ஒரு காகிதத்தில் நம்பர் போட்டு எழுதிக்கொண்டார். கிளார்க் அல்லவா.

அவருக்குச் சொன்னதைத்தான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். ஐரோப்பா என்றால் எல்லாம் ஒரே சாக்கெட் என்று நினைக்கக் கூடாது. ஜெர்மனியில் இரண்டு தடித்த உருண்டைப் பின், எர்த் பின்னாக இல்லாமல் சாக்கெட் ஓரத்தில் இரண்டு பித்தளைப் பட்டையாக இருக்கும். பிரான்சில் எர்த் சாக்கெட்டிலிருந்தே ஒரு பின்னாக நீட்டிக்கொண்டிருக்கும். இத்தாலியில் மூன்று பின் ஒரே வரிசையில். சுவிட்சர்லாந்து தனி. இங்கிலாந்தில் சதுரப் பின். ஏர்போர்ட்டில் விற்கிற எல்லா ஊர் அடாப்டர் போன் சார்ஜருக்குப் போதும். ஆனால் அதில் பல வகைக்கு எர்த் கிடையாது. தகரப் பெட்டியும் சூடாகிற சாமானும் அதில் மாட்டக் கூடாது.

இன்னொன்றை நம் ஆட்கள் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அங்கே பெரும்பாலும் சாக்கெட் பக்கத்தில் சுவிட்சே இருக்காது. நம் வீட்டில் சாக்கெட்டுக்கு ஒரு சுவிட்சு, அதை அமத்தினால் கரண்டு நின்றது என்று பழகிவிட்டோம். அங்கே ஓட்டையில் எப்போதும் கரண்டு இருக்கும். பிளக்கை உருவினால்தான் நின்றதாக அர்த்தம்.

இதெல்லாம் நான் எந்தக் காலேஜிலும் கேட்டதில்லை. போய் வந்தவர்கள் சொன்னதையும் அனுப்பிய போட்டோவையும் வைத்துச் சேர்த்தது. குன்னூரிலிருந்தெல்லாம் என்னைத் தேடி வந்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

3. பெட்டி பிறந்த கதை

சுசீலா எஸ்டேட்டில் இலை பறித்தவள். புருஷன் கணேசன் இலை லாரி ஓட்டுகிறான். கொஞ்சம் சொந்தத் தோட்டம் வாங்கியதும், தன்னைப் போல சின்னச் சின்னத் தோட்டம் வைத்திருந்த பதினோரு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு கொட்டகையில் கையால் தேயிலை உருட்ட ஆரம்பித்தாள். உருட்டுவதும் புளிக்க வைப்பதும் நன்றாக வந்தது. காய வைப்பதுதான் தகராறு. எங்கள் மலையில் வெயிலை நம்பி வடகம் கூடப் போட முடியாது.

"ஒரு சின்ன டிரையர் பண்ணிக் குடுங்கண்ணா. தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கோணும்" என்றாள்.

தகரப் பெட்டி, உள்ளே ஒரு சல்லடைத் தட்டு, கீழே ஐந்நூறு வாட் ஹீட்டர் காயில் இரண்டு, பின்னால் ஒரு சின்ன ஃபேன். கடையில் ஓட்டிப் பார்த்தேன், அருமையாகச் சூடு வந்தது. கொட்டகையில் வைத்தால் வெந்நீர் ஆவி அளவுக்குக் கூடச் சூடில்லை. மீட்டரைப் போட்டுப் பார்த்தால், இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று எழுபது வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அவர்களுடையது கடைசிக் கம்பம். மலை ஏறி இறங்கி வருகிற கம்பியில் கரண்டு இளைத்துப்போய்த்தான் வரும். ஐந்நூறு வாட் காயில் அங்கே முன்னூறு கூடத் தராது.

அங்கேயே உட்கார்ந்து இரண்டு காயிலையும் பாதிக்குக் கொஞ்சம் மேலே விட்டு வெட்டினேன். காயில் நீளம் குறைந்தால் அதே வோல்டேஜுக்குக் கரண்டு அதிகம் இழுக்கும், சூடு கூடும். சுசீலா தட்டுத் தட்டாக வைத்துப் பார்த்து, "பன்னெண்டு நிமிஷம்" என்று முடிவு செய்தாள். அன்றிலிருந்து பன்னிரண்டு பேருக்கும் அதுதான் சட்டம். சுவரில் கடிகாரம் மாட்டி, அதைப் பார்த்துத்தான் தட்டை எடுப்பார்கள்.

பெட்டிக்கு வெளியே ஒரு பெயர்த்தகடு அடித்தேன். அதில் 230 வோல்ட், 50 சைக்கிள் (ஹெர்ட்ஸ்), 1000 வாட் என்று பெயின்டில் எழுதினேன். ஏன் 230 என்று எழுதினேன் என்றால், எல்லாச் சாமானிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். அவ்வளவுதான் காரணம்.

4. கண்ணை மூடிக்கிட்டு மாட்டு

இரண்டு வருடம் கழித்து ஜெர்மனிக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. கூடப் போக ஸ்டெல்லா டீச்சர் சம்மதித்தார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்து ரிட்டயர் ஆனவர். குழுவுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் அவர்தான்.

போகிற நேரமோ நல்ல மழை. அந்த ஈரத்தில் பேக் செய்த தூள் நமுத்துத்தான் இருக்கும். அதனால் ஸ்டாலிலேயே ஒரு கடைசிச் சூடு கொடுக்கலாம், அந்த வாசத்துக்கே ஆட்கள் நிற்பார்கள் என்று சுசீலா யோசனை செய்தாள். பெட்டி என் கடைக்கு வந்தது.

ஜெர்மனி பிளக் நம் ஊரில் எங்கே கிடைக்கும்? கோயம்புத்தூர் மில்களுக்கு ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து மெஷின்கள் நிறைய வந்தன. அவற்றோடு வந்த சாமான்கள் கழிந்து உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கிடக்கும். ஒரு நாள் முழுக்கக் கிளறி, பக்கவாட்டில் எர்த் பட்டை வைத்த அசல் பிளக் ஒன்றை எடுத்து வந்தேன். பெட்டியின் தகரத்திலிருந்து அந்தப் பட்டை வரை எர்த் சரியாகப் போகிறதா என்று மீட்டரில் பார்த்தேன். போனது. அதற்கேற்ற சாக்கெட் என்னிடம் இல்லாததால் ஓட்டிப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரி பாக்கியம் கடைக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள் கேட்டாள்: "அந்தூர்க் கரண்டு நம்மூர்ப் பொட்டிக்கு ஒத்துக்குமா?"

"அங்கயும் இருநூத்தி முப்பது, இங்கயும் இருநூத்தி முப்பது. சைக்கிளும் அம்பதுதான். பிளக்கு மட்டும்தான் வேற" என்றேன். பெயர்த்தகட்டில் நான் எழுதியதையே நான் படித்துக் காட்டினேன்.

சுசீலாவிடமும், "கண்ணை மூடிக்கிட்டு மாட்டு" என்றேன்.

கண்காட்சி தொடங்குவதற்கு முந்தின நாள் அங்கே ஒரு எலக்ட்ரீஷியன் ஸ்டால் ஸ்டாலாக வந்து சாமான்களைச் சோதித்தாராம். கையால் செய்த பெட்டி என்றதும் முகத்தைச் சுளித்தவர், மீட்டரை வைத்து எர்த் பார்த்துவிட்டு, ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். டீச்சர் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். கடைக்கு வந்த ஒருவரையும் விடாமல் அந்தப் போட்டோவைக் காட்டினேன். போஸ்ட்மேனுக்கு இரண்டு தடவை.

அதற்கு மறுநாள்தான் தூள் தீய்ந்தது.

5. ஏட்டுச் சுரைக்காய்

போனைக் காதில் வைத்தபடியே மிக்ஸி மோட்டாரை ஓரமாகத் தள்ளினேன். முதலில் ஃபேன் நின்றிருக்குமோ என்று நினைத்தேன்.

"ஃபேன் சுத்துதா?"

"சுத்துதுங்க. நம்மூரை விட வேகமாச் சுத்துது. சத்தமே வேற."

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புரிந்துவிட்டது. கீழ் கோத்தகிரிக் கொட்டகையில் அந்த ஃபேன் கிழவன் மூச்சு மாதிரித்தான் சுற்றும். அங்கே முழுக் கரண்டு. என் கையால் வெட்டிய காயில் நூற்று எழுபதுக்கு வெட்டியது. அது முழு இருநூற்று முப்பதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூடு கக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் பெயர்த்தகட்டில் எழுதியிருந்த இருநூற்று முப்பது அந்தச் சுரைக்காய். வெட்டியவனும் நான், எழுதியவனும் நான், மறந்தவனும் நான்.

"சுசீலா, தப்பு உன் மேல இல்லம்மா. என் மேல."

"அது இருக்கட்டுங்கண்ணா. நாளைக்கு என்ன பண்றது, அதைச் சொல்லுங்க. நேரத்தைக் கொறச்சிரட்டுமா? ஆறு நிமிஷம்?"

"வேண்டாம். அந்தச் சூட்டுல வெளிய தீயும், உள்ள ஈரம் நின்னுக்கும்."

"அதானே நானும் நெனச்சேன்."

டீச்சர் போனை வாங்கினார். "இங்க கடையில ஏதாச்சும் புது டிரையர் வாங்கிரலாமா?"

"பழக்கமில்லாத பெட்டியில முதல் தட்டு எல்லாருக்கும் தீயும் டீச்சர். உங்ககிட்ட இருக்கிறதே ரெண்டு டப்பா."

பாக்கியம் பாத்திரத்தை எடுத்துப்போக வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "ரெண்டு அடுப்புல வேகுறது சாஸ்தியாப் போச்சுன்னா ஒரு அடுப்பை அமத்துவோம்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

எனக்கு அது கணக்காகத் தெரிந்தது. காயில் இரண்டும் தனித்தனி. ஒன்றின் ஒயரைக் கழற்றிவிட்டால் மற்றது மட்டும் ஓடும். நூற்று எழுபதில் ஐந்நூறு வாட் தந்த காயில் அங்கே தொள்ளாயிரத்துச் சொச்சம் தரும். கொட்டகையில் இரண்டு காயிலும் சேர்ந்து தந்தது ஆயிரம். ஏறக்குறைய அதே சூடு. ஒரு காகிதத்தில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். நான் எப்போதும் ஒரு தடவைதான் போடுவேன்.

"சுசீலா, பொட்டிப் பின்னால நாலு ஸ்க்ரூ இருக்குதில்ல, அதைக் கழட்டணும். கழட்டறதுக்கு முன்னால?"

"பிளக்கை உருவோணும்."

"உருவிக் கையில வெச்சிருக்கியா?"

"உருவி, டீச்சர் கையில குடுத்துட்டேனுங்க. அவங்க குடுக்க மாட்டாங்க."

பக்கத்து ஸ்டால்காரர் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தார். பெட்டி ஆறட்டும் என்று காத்திருந்தோம். பின் தகட்டை எடுத்ததும் டீச்சர் போட்டோ அனுப்பினார். உள்ளே ஒரு பீங்கான் கனெக்டர். அதிலிருந்து ஒரு காயிலுக்குச் சிவப்பு உறை, இன்னொன்றுக்கு மஞ்சள் உறை போட்டிருந்தேன். அந்த ஒரு காரியத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"மஞ்சள் ஒயரு தெரியுதா? அந்த ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, அதை மட்டும் வெளிய இழு. சிவப்பைத் தொடாத."

"தொடல."

"பச்சை ஒயரு ஒண்ணு தகரத்துல மாட்டியிருக்கும். அது எர்த்து. உன் தாலி மாதிரி நெனச்சுக்க."

"தாலியை ஏர்போர்ட்லயே கழட்டச் சொல்லிட்டாங்கண்ணா. இதைக் கழட்ட மாட்டேன்."

வந்து சேர்ந்த கவலையிலும் சிரித்துவிட்டேன். மூடியதும், அந்த எலக்ட்ரீஷியனையே மறுபடி கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன். மாற்றிய சாமானை இன்னொரு கண் பார்க்காமல் ஓட்டக் கூடாது. அவர் வந்தார், பார்த்தார், தலையாட்டினார். டீச்சரைக் கேட்கச் சொல்லி சாக்கெட்டில் வோல்டேஜ் எவ்வளவு என்றும் தெரிந்துகொண்டேன். இருநூற்று முப்பத்தொன்று. காகிதத்தில் எழுதினதும் கம்பியில் வந்ததும் ஒன்றாக இருக்கிற ஒரு ஊரை நான் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான்.

"இனி எத்தனை நிமிஷமுங்க?" என்றாள் சுசீலா.

இந்தக் கேள்விக்கு என்னிடம் நம்பர் இல்லை. சூடு ஏறக்குறைய அதேதான், ஆனால் ஃபேன் வேகம். காற்றும் அதிகம்.

"எனக்குத் தெரியாதும்மா. எட்டாவது நிமிஷத்துல உன் மூக்கு சொல்லுச்சே, அதைக் கேளு."

6. பத்து மணி

மறுநாள் என் கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. அவர்கள் ஊர்ப் பத்து மணி நமக்கு ஒன்றரை. இரண்டே காலுக்குப் போன் வந்தது. டீச்சர் பேசினார். பாடம் எடுத்தவர் அல்லவா, முதலிலிருந்து வரிசையாகத்தான் சொன்னார்.

காலையில் சுசீலா இரண்டாவது டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி மட்டும் தட்டில் போட்டுப் பார்த்தாளாம். கைக்கடிகாரத்தைக் கழற்றி டீச்சர் பையில் போட்டுவிட்டாளாம். பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நின்று, ஒரு நேரத்தில் "போதும்" என்று எடுத்தாளாம். டீச்சர் தன் போனில் பார்த்திருக்கிறார்: பதிமூன்று நிமிடம். மீதித் தூளையும் அப்படியே எடுத்தாள்.

வியாபாரி வந்தார். வழக்கம்போல ஸ்பூனில் எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, வாயில் சுழற்றி, தொட்டியில் துப்பினார். டீ டேஸ்ட் பார்க்கிறவர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்வார்கள், அது அவர்கள் வேலை. ஆனால் சுசீலாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் இரண்டாவது ஸ்பூன் எடுத்தார், துப்பினார். அப்புறம் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, கோப்பையையே எடுத்து, முழுசாகக் குடித்து முடித்தார்.

"என்ன சொன்னாரு டீச்சர்?"

"ஒண்ணும் சொல்லல. இன்னொரு கப் கேட்டாரு. அதைக் குடிச்சிட்டு, இது எத்தனை டிகிரியில காய வெச்சதுன்னு கேட்டாரு."

"சுசீலா என்ன சொன்னா?"

"மூக்கைத் தொட்டுக் காட்டுனா."

முதல் ஆர்டர் சின்னதுதான். ஆனால் கொட்டகை பூட்டப்படவில்லை. பாக்கியத்திடம் சொன்னபோது, "அடுப்பை அமத்தச் சொன்னது யாரு?" என்றாள். இன்று வரை சொல்கிறாள்.

7. அவிழ்த்த கயிறு

ஊர் திரும்பியதும் பெட்டியைக் கொண்டு வந்து கடையில் வைத்தார்கள். முதலில் பெயர்த்தகட்டில் 230-ஐ அழித்து 170 என்று எழுதினேன். பிறகு மஞ்சள் ஒயரைத் திரும்ப மாட்டப் பின் தகட்டைத் திறந்தேன்.

திறந்ததும்தான் எனக்கு உறைத்தது. மஞ்சள் ஒயரைக் கழற்றச் சொன்னேனே தவிர, கழற்றிய முனையை என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. காயிலின் மறுமுனை இன்னும் லைனில்தான் இருக்கிறது. அந்த முனை சும்மா தொங்கினால் அதிலும் கரண்டு நிற்கும். ஃபேன் அதிர்வில் தகரத்தைத் தொட்டிருந்தால், எர்த் இருந்ததால் ஆள் பிழைத்திருக்கலாம். ஆனால் ஃபியூஸ் போய், ஸ்டால் இருட்டாகி, அந்த வியாபாரி அடுத்த ஸ்டாலுக்கு நடந்திருப்பார். எங்கள் வேலையில் முதல் வருடம் சொல்லிக் கொடுப்பது இது. பதினெட்டு வருடம் ஃபேக்டரியில் மற்றவர்களைத் திட்டியது இதற்குத்தான்.

ஆனால் ஒயர் தொங்கவில்லை. பீங்கான் கனெக்டரில் ஓரமாக ஒரு ஓட்டை காலியாக இருந்தது. முனையை அதற்குள் விட்டு, ஸ்க்ரூவை நன்றாக முறுக்கி வைத்திருந்தது. ஒரு நல்ல எலக்ட்ரீஷியன் செய்வது அதைத்தான்.

"இதை யாரு பண்ணுனது? அந்த ஊரு எலக்ட்ரீஷியனா?"

"நாந்தானுங்க" என்றாள் சுசீலா. "ஏன், தப்புங்களா?"

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருஞ் சொல்லல. மாட்டை அவுத்துட்டுக் கயித்தைத் தரையில போட்டா கால்ல சுத்திக்கும். முளையில சுத்தி வெப்போம். அது மாதிரிதானேன்னு வெச்சேன்."

நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன், நான் மறந்துவிட்டேன் என்று. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லாரி நிற்கிறது என்று கிளம்பிவிட்டாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிளக் எந்த ஊர் மாதிரி என்பது யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சாமான் எந்தக் கரண்டில் பழகியது என்பதை, அது இருக்கிற இடத்துக்கே போய் மீட்டர் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதியதை நம்பாதீர்கள், எழுதியவர் நீங்களாகவே இருந்தாலும். அப்புறம், ஒருவருக்கு வழி சொல்லும்போது நாம் மறந்ததைக் கூட அவர் செய்து முடித்திருப்பார். அதைத் திறந்து பார்க்கிற பழக்கம் வேண்டும். நான் அன்றைக்குத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால், அந்த வெற்றி முழுக்க என்னுடையது என்றே இன்று வரை சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.